காதுக்கேற்ற ஹெட்போன்: எல்லைக் கிராமங்களில் ஒலிப்பதிவு

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் நெய்யாற்றின்கரையும், அதற்கு மேலும் சுமார் 10 கிலோமீட்டர் சென்றால் பாறசாலையும் உள்ளன. அடுத்து வருவது களியக்காவிளை; அங்கே தமிழ்நாடு தொடங்குகின்றது. 1956 நவம்பர் 1ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் அன்றைய சென்னை இராஜ்யத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. ஆயினும் இப்பகுதி மக்களின் பேச்சிலும் பாட்டிலும் தமிழும் மலையாளமும் இன்றும் கலந்தே வழங்குகின்றன. கோயில் கொடை விழாக்களில் பாடப்படும் வில்லிசை எல்லையின் இரு புறத்தாருக்கும் பொதுவான கலையாகும்.

இக்கலையைப் பதிவு செய்து வைக்க விரும்பும் ஆசிரியர்களும் களப்பணியாளர்களும் பலர் உளர். முன்னர் இதற்குப் பெரிய யந்திரங்கள் தேவைப்பட்டன. இப்பொழுது கைபேசி ஒன்றும், சிறிய மைக் ஒன்றும், ஹெட்போன் ஒன்றும் இருந்தால் போதும். ஓர் ஆசிரியர் அவ்வாறு ஒரு வில்லிசையைப் பதிவு செய்கின்றார் என்று கொள்வோம். இரவில் வீட்டில் அமர்ந்து, ஹெட்போனில் கேட்டு, குடத்தின் ஒலியைச் சற்று உயர்த்தி, வில்மணிகளின் ஒலியைச் சற்றுக் கூட்டி, மனநிறைவு அடைகின்றார். மறுநாள் அதையே பள்ளியின் ஒலிபெருக்கியில் வைத்தால் குடம் முழங்கிப் பாட்டின் சொற்களை விழுங்குகின்றது. மணிகள் காதைக் குத்துகின்றன. பாடியவரிடம் குற்றமில்லை; மைக்கும் பழுதில்லை. கேட்டு முடிவு செய்த முறையிலேயே பிழை நேர்ந்துள்ளது.

இப்பிழை சிறிதன்று. முதிய புலவர் ஒருவர் நெடுங்கதை ஒன்றை முழுவதும் பாடும் வாய்ப்பு மறுமுறை கிட்டும் என்று சொல்வதற்கில்லை. ஆதலின், ஹெட்போனில் கேட்பது என்பது யாது, அதைத் திருத்துவதற்கு இப்பொழுது வந்துள்ள தனிநபர் மென்பொருள்கள் என்ன செய்கின்றன, எதைச் செய்ய மாட்டா என்பவற்றை அறிந்துகொள்வது பயனுடையதாகும்.

ஸ்டூடியோவும் வீட்டு அறையும்

இப்பகுதிக்கு ஒலிப்பதிவுக் கூடங்கள் புதியன அல்ல. திருவிதாங்கூர் அரசு 1943இல் தொடங்கிய திருவனந்தபுரம் வானொலி நிலையம் 1950 ஏப்ரல் 1ஆம் தேதி அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. சினிமாத் தொழிலுக்கென 1980இல் திருவல்லத்தில் சித்ராஞ்சலி ஸ்டூடியோ அமைந்தது. ஆனால் கிராமத்து ஆசிரியர் ஒருவர் ஒவ்வொரு பதிவையும் எடுத்துக்கொண்டு நகரத்து ஸ்டூடியோவுக்குச் செல்ல இயலாது. 2020 ஜூன் 1ஆம் தேதி கேரளத்தில் விக்டர்ஸ் தொலைக்காட்சி வழியாக "பர்ஸ்ட் பெல்" வகுப்புக்கள் தொடங்கின. பின்னர் தமிழ், கன்னட வழியிலும் அவை தயாரிக்கப்பட்டன. பெருந்தொற்று நாட்களில் நாடெங்கும் எண்ணற்ற ஆசிரியர்கள் தம் வீட்டு அறையிலேயே பாடங்களைப் பேசிப் பதிவு செய்யப் பழகினர். அன்று தொடங்கிய பழக்கம் இன்றும் நீங்கவில்லை.

வீட்டு அறையில் ஒலிபெருக்கி வைத்துக் கேட்டால் என்ன எனலாம். அறையே ஒரு கருவிபோல் ஒலியுடன் கலந்துகொள்ளும் என்பதே இதற்கு விடை. காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 345 மீட்டர் செல்லும். சிமெண்டுச் சுவர்களுக்கு இடையே 3.45 மீட்டர் நீளமுள்ள அறையில், விநாடிக்கு 50 அதிர்வுகள் உள்ள தாழ்ந்த ஒலி சுவர்களில் மோதித் திரும்பி நிலையலையாக நின்றுவிடும். சுவரோரத்தில் அவ்வொலி பெருகும். அறையின் நடுவில் நலியும். நாற்காலியை ஒரு முழம் நகர்த்தினால் குடத்தின் ஒலி மாறிவிட்டதாகத் தோன்றும். ஸ்டூடியோக்களில் இதைத் தடுக்கவே சுவர்களில் ஒலியை உறிஞ்சும் பொருள்கள் பொருத்தப்படுகின்றன. ஹெட்போனில் இத்தொல்லை இல்லை. அறை முற்றிலும் விலக்கப்படுகின்றது. ஆனால் அறையுடன் சேர்த்து வேறொன்றும் விலக்கப்படுகின்றது. அதுதான் நமது காதின் புறச்செவி.

காது திசையை அறியும் விதம்

கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் மணி எப்பக்கம் ஒலிக்கின்றது என்று சொல்லிவிடுகின்றோம். இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, காலம். இடப்பக்கத்து ஒலி இடக்காதை முன்னரும் வலக்காதைச் சற்றுப் பின்னரும் அடையும். இவ்வேறுபாடு மிகுதியாக இருக்கும்போதும் ஒரு விநாடியைப் பதினாயிரமாகப் பகுத்தால் அதில் ஆறு அல்லது ஏழு பங்கே ஆகும். எனினும் மூளை அதனை உணர்ந்துகொள்கின்றது. இரண்டாவது, நிழல். உயர்ந்த சுருதியுள்ள ஒலியைத் தலை மறைப்பதால் மறுபக்கக் காதுக்கு அது குறைந்து கேட்கும். தாழ்ந்த ஒலிகளுக்குக் காலமும் உயர்ந்த ஒலிகளுக்கு நிழலும் துணை செய்கின்றன என்பதை 1907இல் ராலே பிரபு விளக்கினார்.

இவ்விரண்டும் இடம், வலம் என்பவற்றையே கூறும். ஒலி மேலிருந்து வருகின்றதா, கீழிருந்தா, முன்னிருந்தா, பின்னிருந்தா என்பதைக் கூறுவது மூன்றாவது வழியாகிய புறச்செவி. அதன் மேடு பள்ளங்களில் மோதும் ஒலி, நேரே நுழையும் ஒலியுடன் கலந்து, சில சுருதிகளில் ஓங்கியும் சிலவற்றில் ஒடுங்கியும் செவிக்குழாயை அடைகின்றது. விநாடிக்கு 8,000 அதிர்வுள்ள ஒலியின் அலைநீளம் நான்கு சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுதி. புறச்செவியின் மடிப்புக்களும் ஏறத்தாழ இவ்வளவினவே. ஆதலின் மணியொலி போன்ற உயர்ந்த ஒலிகளிலேயே இவ்வேறுபாடு வெளிப்படுகின்றது. கையெழுத்து ஆளுக்கு ஆள் மாறுவதுபோல் புறச்செவியின் வடிவமும் மாறும். அவரவர் காதின் கையெழுத்தை அவரவர் மூளை குழந்தைப் பருவம் முதல் படித்துப் பழகியுள்ளது.

இதனை ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில் தெளிவாகக் காட்டினர். சிலரின் புறச்செவிக் குழிகளில் சிறு அச்சுக்களைப் பொருத்தி வடிவத்தை மாற்றினர். உடனே அவர்களுக்கு ஒலியின் உயரம் தெரியாமற் போயிற்று. இடம் வலம் மட்டும் தெரிந்தது. சில வாரங்கள் அச்சுடனேயே நடமாடியபின் புதிய காதுக்குப் பழகி, மேல் கீழ் அறியும் திறனை மீண்டும் பெற்றனர். அச்சை எடுத்தபோது பழைய திறனும் மறையாமல் இருந்தது. மூளை இரண்டாவது கையெழுத்தைக் கற்றுக்கொண்டதே அன்றி முதலாவதை மறக்கவில்லை.

ஹெட்போன் மாற்றுவது யாது?

ஒலிபெருக்கிகள் இரண்டின் முன் அமர்ந்து கேட்கும்போது இடப்பெருக்கியின் ஒலி இரு காதுகளையும் அடைகின்றது. ஹெட்போனிலோ இடப்பக்க ஒலி இடக்காதுக்கு மட்டுமே செல்லும். தலையின் நிழலும் இல்லை. இயற்கையான காலவேறுபாடும் இல்லை. புறச்செவியும் தன் வழக்கமான பணியைச் செய்வதில்லை. அதனால் புலவரின் குரல் எதிரில் இராமல் மண்டைக்குள்ளேயே ஒலிப்பதாகத் தோன்றும். இடமும் வலமும் இயல்பினும் விலகி நிற்கும். மெல்லிய ஒலிகளும் துலங்கிக் கேட்பதால் பின்பாட்டுக்காரரின் குரல் போதுமான அளவில் உள்ளதென்று எண்ணிவிடுவோம். ஒலிபெருக்கியில் அது அடங்கிவிடும்.

இத்துடன் ஒவ்வொரு ஹெட்போனுக்கும் தனி இயல்பு உண்டு. சிலவற்றில் தாழ்ந்த ஒலி மிகும், சிலவற்றில் குறையும். காதைச் சுற்றி நன்கு பொருந்தாமல் சிறு இடைவெளி இருந்தாலும் தாழ்ந்த ஒலி கசிந்துபோகும். மூக்குக் கண்ணாடியின் தண்டு கூட இவ்விடைவெளியை உண்டாக்கலாம். நாம் மேலே கூறிய ஆசிரியர் தாழ்ந்த ஒலி குறைந்த ஹெட்போனில் கேட்டதால் குடத்தை உயர்த்தினார்; உயர்ந்த ஒலி மங்கியிருந்ததால் மணியைக் கூட்டினார். தம் கருவியின் குறையைப் பதிவின் குறை என்று எண்ணித் திருத்திவிட்டார்.

மண்டைக்குள் ஒலிக்கும் குறையை நீக்க விஞ்ஞானிகள் நெடுங்காலமாக முயன்றனர். 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தார் காதுகளில் மைக் பொருத்திய பொம்மை மனிதன் ஒன்றை வைத்து, அதன் காது கேட்பதை மக்களுக்கு ஹெட்போனில் கேட்பித்தனர். 1973இல் ஜெர்மனியின் நோய்மான் கம்பெனி அத்தகைய பொம்மைத் தலையை ஒலிப்பதிவுக்கு அளித்தது. கேட்டவர்களுள் பலர் வியந்தனர். ஆனால் சிலருக்கு முன்னால் இருக்கும் ஒலி பின்னால் இருப்பதாகத் தோன்றியது. பொம்மையின் காது அவர்தம் காது அன்று என்பதே காரணம்.

மென்பொருளின் பணி

இக்காலத்து மென்பொருள்கள் இரு வேறு பணிகளைச் செய்கின்றன. இரண்டையும் வேறு பிரித்து அறிதல் வேண்டும்.

முதற்பணி ஹெட்போனைத் திருத்துவது. குறிப்பிட்ட ஹெட்போன் வகை எந்தச் சுருதியில் மிகுதியாகவும் எதில் குறைவாகவும் ஒலிக்கின்றது என்று முன்னரே அளந்து வைத்திருப்பர். மென்பொருள் அதற்கு நேர்மாறாக ஒலியைக் கூட்டிக் குறைத்து, சமநிலைக்குக் கொணரும். மூக்குக் கண்ணாடிக்கு எண் பார்ப்பது போன்றது இது.

இரண்டாவது பணி கேட்பவரின் காதைக் கணக்கில் கொள்வது. இதற்கு அவர் காதின் கையெழுத்து தேவை. அதைப் பெறும் வழிகளுள் மிகத் திருத்தமானது, அவர் செவிக்குழாய் வாயில் நுண்ணிய மைக்கை வைத்து, பல திசைகளிலிருந்தும் ஒலி எழுப்பி அளப்பதாகும். அமெரிக்காவில் கலிபோர்னியப் பல்கலைக் கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 45 பேருக்கு, ஒவ்வொருவருக்கும் 1,250 திசைகளில் அளந்த கணக்குகளை 2001இல் ஆராய்ச்சியாளர்களுக்கு வெளியிட்டனர். 2019இல் பின்லாந்தின் ஜெனலெக் கம்பெனி, தலையையும் காதையும் தோளையும் கைபேசியில் படமெடுத்து அனுப்பினால் அப்படத்திலிருந்தே கணித்துத் தரும் முறையை அறிமுகம் செய்தது. 2022இல் ஆப்பிள் கம்பெனி தன் கைபேசிக் காமிராவால் காதைப் படம்பிடிக்கும் வசதியை அளித்தது. 2023இல் சோனி கம்பெனி, தொழில்முறைப் பதிவாளரை உண்மையான ஸ்டூடியோவில் அமர்த்தி, அவர் காதில் மைக் வைத்து, அங்குள்ள ஒலிபெருக்கிகள் அவருக்குக் கேட்கும் விதத்தை அளந்து தரும் சேவையைத் தொடங்கியது. பின்னர் அவர் வீட்டில் ஹெட்போன் அணிந்தாலும் அந்த ஸ்டூடியோவில் அமர்ந்திருப்பது போலவே கேட்கும்.

சில கருவிகளில் தலையசைவை அறியும் உறுப்பும் உண்டு. நாம் தலையைத் திருப்பினால் ஒலி தலையுடன் திரும்பாமல் இருந்த இடத்திலேயே நிற்கும். முன், பின் என்னும் மயக்கம் இதனால் பெரிதும் குறைகின்றது.

எங்கே ஏமாறலாம்?

இம்மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் செய்யும் பெரும்பிழை ஒன்று உண்டு. திருத்தம் என்பது கேட்பவரின் காதுக்கும் அவர் ஹெட்போனுக்கும் உரியது. பதிவுக்கு உரியது அன்று. ஆனால் வேலை முடிந்து பதிவைச் சேமிக்கும்போது திருத்தத்தை நிறுத்த மறந்துவிட்டால், அதுவும் பதிவிலேயே கலந்துவிடும். ஒருவருடைய கண்ணாடியை ஊரார் அனைவருக்கும் மாட்டிவிட்டதற்கு இது ஒப்பாகும். ஆகவே சேமிப்பதற்கு முன் திருத்தம் நிறுத்தப்பட்டுள்ளதா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்தல் வேண்டும். சில மென்பொருள்கள் கணினியின் ஒலி வெளியேறும் வழியிலேயே நின்று வேலை செய்யும். அவற்றில் இவ்வபாயம் இல்லை.

வேறு சில வரையறைகளும் உள்ளன. பெருங்குடத்தின் முழக்கத்தை நாம் மார்பாலும் உணர்கின்றோம். எந்த மென்பொருளாலும் ஹெட்போன் வழியே அதைத் தர இயலாது. படத்திலிருந்து கணிக்கும் முறை நேரில் அளக்கும் முறையின் திருத்தத்தை எப்போதும் எட்டுவதில்லை. மென்பொருளில் ஒலி சற்றுத் தாமதித்து வரலாம்; ஆகவே பாடுபவர் தம் குரலைத் தாமே கேட்டுக்கொண்டு பாடும் நேரத்தில் அதை நிறுத்திவைப்பது நலம். கம்பியில்லா ஹெட்போன்களிலும் இத்தாமதம் உண்டு. பதிவு வேலைக்குக் கம்பியுள்ளதே ஏற்றது.

கிராமத்தில் கைக்கொள்ளும் முறை

விலையுயர்ந்த மென்பொருள் வாங்கினால்தான் நல்ல பதிவு கிட்டும் என்று எண்ண வேண்டுவதில்லை. கீழ்க்கண்ட முறைகள் செலவின்றிப் பயன் தருவன.

பதிவு செய்யும்போது காதை முழுதும் மூடும் ஹெட்போனை அணிக. அதன் ஒலி கசிந்து மைக்கில் விழாது. பின்னர் சீர்செய்யும்போது, காற்றோட்டமுள்ள திறந்த வகை கிடைத்தால் அதைப் பயன்படுத்துக. ஒலி இயல்பாக இருக்கும். கைபேசியில் தானாக ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு இருந்தால் அதை நிறுத்துக. இல்லையேல் குடம் ஓங்கும்போதெல்லாம் பாட்டு அமுங்கும். மின்விசிறி, மழையில் அதிரும் தகரக் கூரை ஆகியவற்றின் ஒலியைப் பதிவுக்கு முன்னரே ஹெட்போனில் கேட்டறிக.

முதற்பதிவை மாற்றாமல் தனியே பாதுகாத்து, அதன் படியிலேயே திருத்தங்கள் செய்க. தங்களுக்கு நன்கு பழக்கமான, முறையாகத் தயாரிக்கப்பட்ட பாட்டு ஒன்றை அதே ஹெட்போனில் முதலில் கேட்டு, அதனுடன் ஒப்பிட்டுத் தங்கள் பதிவைச் சீர்செய்க. பிறகு கைபேசியின் சிறு ஒலிபெருக்கி, வகுப்பறை ஒலிபெருக்கி, வேறொருவருடைய ஹெட்போன் ஆகிய மூன்றிலும் கேட்க. மூன்றிலும் சொல் தெளிவாக விளங்கினால் பதிவு நன்று. இறுதியாகப் பாடியவர்களுக்கே போட்டுக் காட்டி அவர்கள் கருத்தைக் கேட்பது மரியாதையும் ஆகும், நல்ல சோதனையும் ஆகும். குடம் எவ்வளவு ஒலிக்க வேண்டும் என்பதை அவர்களினும் அறிந்தவர் யார்?

வகுப்பறைச் சோதனை

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். ஒரு மாணவன் கண்ணை மூடி நாற்காலியில் அமரட்டும். மற்றொருவன் சாவிக்கொத்தை அவனுக்கு இடத்திலும் வலத்திலும், முகத்துக்கு நேரே மேலும் கீழும் மாறி மாறிக் குலுக்கட்டும். அமர்ந்தவன் விரலால் திசையைக் காட்ட வேண்டும். விடைகளைக் கரும்பலகையில் குறித்துக்கொள்க. பிறகு அவன் தன் இரு புறச்செவிகளையும் விரல்களால் தலையோடு சேர்த்து மடக்கிப் பிடித்துக்கொள்ளட்டும். செவித்துளை மூடப்படக் கூடாது. சோதனையை மீண்டும் செய்க. இடம் வலத்தில் பிழை அவ்வளவாக மிகாது. மேல் கீழில் பிழை மிகுவதைக் காணலாம். புறச்செவி வெறும் அழகுக்கன்று என்பதை மாணவர் தாமே உணர்வர்.

செவியைக் காத்தல்

ஹெட்போனில் நெடுநேரம் வேலை செய்வோர் காது நலத்தை மறத்தல் ஆகாது. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, பெரியவர்கள் 80 டெசிபெல் அளவில் வாரத்திற்கு 40 மணி நேரம் கேட்கலாம். டெசிபெல் கணக்கில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். எனவே 90 டெசிபெல்லில் வாரத்திற்கு 4 மணி நேரமே தகும். காதில் இரைச்சல் தோன்றினாலும், பேச்சு மங்கிக் கேட்டாலும் வேலையை நிறுத்துக. உட்செவியின் நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. அக்குறையை எந்த மென்பொருளும் ஈடு செய்யாது. ஒரு மணிக்கு ஒருமுறை ஹெட்போனைக் கழற்றிச் சற்று வெளியே உலாவி வருவது காதுக்கும் நலம், தீர்ப்புக்கும் நலம். களைத்த காது உயர்ந்த ஒலிகளை மேலும் மேலும் கூட்டச் சொல்லும்.

நிற்க. தனிநபர் மென்பொருள், பதிவு செய்பவர் தம் காதை அறிந்து, பிழையின்றி முடிவு செய்யத் துணைபுரிகின்றது. அதன் பயன் அவ்வளவே; அதுவும் சிறிதன்று. ஆனால் பாறசாலைக் கோயில் முற்றத்தில் எழும் பாட்டைப் பின்னாளில் கேட்கப்போகின்றவர்கள் பலர். அவர்தம் காதுகளும் பல. ஆதலின் ஹெட்போனில் தனித்துக் கேட்டுச் சீர்செய்தபின், நான்கு பேருடன் அமர்ந்து ஒருமுறை கேட்டுப் பார்த்தே பதிவை முடிக்க வேண்டும்.